போல்ட் காரின் பேட்டரி திரும்ப அழைப்பு: உரிமையாளருக்குக் கிடைத்த சேவை எத்தகையது?

மின்சாரக் கார்களைப் பற்றிய மதிப்புரைகளில் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு தூரம் ஓடும், எத்தனை நிமிடத்தில் சார்ஜ் ஏறும், இருக்கை எப்படி, திரை எப்படி என்பனவெல்லாம் விரிவாக அலசப்படுகின்றன. விற்ற காரின் பேட்டரி தீப்பிடிக்கக்கூடும் என்று தயாரித்த நிறுவனமே ஒப்புக்கொண்ட பிறகு, அந்தக் காரை வீட்டோடு வைத்திருப்பவருக்கு அது என்ன செய்தது, எப்போது செய்தது, எவ்வளவு காலம் காக்க வைத்தது என்பதை மதிப்புரையாக எழுதுவோர் அரிது. திரும்ப அழைப்பு, அதாவது குறையுள்ள கார்களை விற்ற நிறுவனமே வரவழைத்து இலவசமாகச் சரிசெய்து தருவது, காரின் விலையோடு சேர்த்து நாம் வாங்கும் ஒரு சேவைதான். அதிலும் நல்லது, சுமாரானது, மோசமானது என்ற வேறுபாடு உண்டு. பல ஆண்டுகள் நீண்டதும், பொது ஆவணங்கள் ஏராளமாகக் கிடைப்பதுமான, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த செவ்ரோலே போல்ட் மின்சாரக் காரின் திரும்ப அழைப்பை இங்கே மதிப்பிடுகிறேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஹூண்டாய், ஜாகுவார், டெஸ்லா முதலிய நிறுவனங்கள் செய்தவற்றையும் இடையிடையே எடுத்துக்கொள்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெனரல் மோட்டார்ஸ் பழைய பேட்டரியைக் கழற்றிப் புதியதைப் பொருத்திக் கொடுத்த பகுதிக்கு முழு மதிப்பெண் தரலாம். மென்பொருளை ஏற்றிக் கொடுத்து அனுப்பிய பகுதிகளுக்கு அதில் பாதிகூடத் தர மனம் வரவில்லை. பழுது தலைகாட்டுகிறதா என்று காவல் இருப்பது வேறு, பழுதை நீக்குவது வேறு. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதைச் செய்து முடித்ததாகக் கணக்கு எழுதும் வழக்கம் போல்ட் விவகாரத்தில் மட்டுமல்லாமல் இந்தத் துறை முழுவதிலுமே பரவியிருக்கிறது.

காரணத்தைப் புரிந்துகொள்ளாமல் சேவையை எடைபோட முடியாது. போல்டின் பேட்டரியில் 288 செல்கள் இருக்கின்றன. இவை உருளை வடிவச் செல்கள் அல்ல; அலுமினியப் படலத்தால் ஆன தட்டையான பைகள். ஒவ்வொரு பைக்குள்ளும் ஆனோடு (எதிர்மின்முனை)த் தாள்களும் கேத்தோடு (நேர்மின்முனை)த் தாள்களும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி நடுவே மிக மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இருக்கும். ஆனோடுத் தாளிலிருந்து மின்னோட்டத்தை வெளியே கொண்டுவரும் உலோகப் பட்டை கிழிந்திருப்பது ஒரு குறை. நடுவில் உள்ள படலம் மடிந்திருப்பது இன்னொரு குறை. இவ்விரண்டும் ஒரே செல்லில் சேர்ந்து அமைந்துவிட்டால் தீ மூளும் வாய்ப்பு உண்டு என்று ஜெனரல் மோட்டார்ஸும், செல்களைத் தயாரித்த எல்ஜி நிறுவனமும் 2021 இல் கண்டறிந்தன. இரண்டும் ஒரே செல்லில் கூடிவருவது அரிது. ஏறத்தாழ 1,42,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்ட இந்த விவகாரத்தில், நிறுவனம் உறுதிசெய்த தீ விபத்துகள் அந்தக் காலத்தில் பத்துப் பன்னிரண்டு என்ற அளவில்தான் இருந்தன.

அரிது என்பதால் அலட்சியப்படுத்திவிட முடியாது. செல்லுக்குள் சிறு குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டால் அந்த இடம் சூடாகும். பாலிஎத்திலீன் படலம் சுமார் 130 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். உருகிய இடத்தில் குறுக்குச்சுற்று பெரிதாகும். இன்னும் சூடேறும்போது கேத்தோடுப் பொருள் சிதைந்து ஆக்சிஜனை வெளிவிடும். அந்த வெப்பம் பக்கத்துச் செல்லையும் அதே நிலைக்குத் தள்ளும். இப்படிக் கட்டுமீறிப் போகும் வெப்பத்தை மேலே தண்ணீர் ஊற்றி உடனே நிறுத்த முடிவதில்லை. அணைந்ததாகத் தோன்றிய பேட்டரி பல மணி நேரம் கழித்து மீண்டும் பற்றிக்கொண்ட சம்பவங்களையும், எரிந்த பேட்டரிக்குள் மிச்சமிருக்கும் மின்னாற்றலால் தீயணைப்பு வீரர்களுக்கு ஏற்படும் ஆபத்தையும் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2020 இல் தனி அறிக்கையாகவே வெளியிட்டிருக்கிறது. பெட்ரோல் கார்களும் தீப்பிடிக்கின்றன. 2023 செப்டம்பரில் ஹூண்டாயும் கியாவும் பிரேக் திரவக் கசிவால் தீ ஏற்படலாம் என்று அமெரிக்காவில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட எரிபொருள் கார்களைத் திரும்ப அழைத்து, வெளியே நிறுத்தச் சொன்னதை யாரும் மறந்துவிடக் கூடாது. ஆயினும், யாரும் தொடாமல் இரவில் நின்றுகொண்டிருக்கும் கார், சார்ஜ் நிறைந்த நிலையில், வீட்டை ஒட்டிய கொட்டகையில் பற்றிக்கொள்வதுதான் போல்ட் உரிமையாளர்களின் தூக்கத்தைக் கெடுத்தது.

திரும்ப அழைப்பு மூன்று கட்டங்களாக நடந்தது என்று சொல்லலாம். 2020 நவம்பரில் வெளியான முதல் அறிவிப்பு, தென்கொரியாவின் ஓசாங் ஆலையில் தயாரான செல்களைக் கொண்ட 2017 முதல் 2019 வரையிலான கார்களுக்கு உரியது. உலக அளவில் சுமார் 68,000 கார்கள். அப்போது முதன்மையாகக் கேட்டுக்கொள்ளப்பட்டது இது: சார்ஜ் 90 சதவீதத்தைத் தாண்டாதபடி காரின் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளுங்கள். டீலர் மென்பொருளால் அந்த வரம்பை அமைத்துத் தரும்வரை உரிமையாளரே இதைச் செய்துகொள்ளலாம், ஏனென்றால் அந்த வசதி காரிலேயே இருந்தது. தீப்பிடித்த கார்களின் பேட்டரி ஏறக்குறைய நிறைந்த நிலையில் இருந்தது என்ற தகவல் அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் விசாரணையில் இருந்ததால், இந்த வரம்புக்கு ஓர் அடிப்படையும் இருந்தது. சார்ஜ் ஏற ஏற லித்தியம் ஆனோடின் கிராபைட்டுக்குள் புகுந்து அதைச் சுமார் பத்துச் சதவீதம் வரை உப்ப வைக்கும்; செல்லுக்குள் அழுத்தம் கூடும்; தேங்கியிருக்கும் ஆற்றலும் அதிகமாக இருக்கும். கடைசிப் பத்துச் சதவீதத்தை விட்டுக்கொடுப்பது ஒரு தற்காலிக ஏற்பாடாகப் புத்திசாலித்தனமானதே. உரிமையாளருக்கு ஏற்படும் இழப்பும் தாங்கக்கூடியது. தெளிவு, வேகம், எளிமை ஆகிய மூன்றிலும் இந்த அறிவிப்பு தேர்ச்சி பெறுகிறது.

சரிவு தொடங்கியது அதற்குப் பின் வந்த தீர்வில்தான். 2021 ஏப்ரல் இறுதியில், செல்களின் நடத்தையில் முரண்பாடு தெரிந்தால் முன்கூட்டியே கண்டுபிடிக்கும் மென்பொருள் தயார் என்றும், அதை ஏற்றிக்கொண்டவர்கள் மறுபடியும் 100 சதவீதம் சார்ஜ் செய்யலாம் என்றும் நிறுவனம் அறிவித்தது. சரியாக இரண்டே மாதம் தாக்குப்பிடித்தது அந்த உறுதி. அந்தத் தீர்வைப் பெற்றுக்கொண்ட கார்களில் இரண்டு தீப்பிடித்தன. அவற்றுள் ஒன்று வெர்மான்ட் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவருடையது, 2021 ஜூலை முதல் நாள் அவர் வீட்டு வாசலில் சார்ஜில் நின்றபோது எரிந்தது. ஜூலை 14 ஆம் தேதி, கார்களை வீட்டைவிட்டுத் தள்ளி வெளியே நிறுத்துமாறு அரசு நிர்வாகமே எச்சரிக்கை வெளியிட நேர்ந்தது. பழுதுபார்த்துத் தந்ததாகக் கையெழுத்து வாங்கிக்கொண்ட காருக்கு அதே பழுதுக்காக மீண்டும் எச்சரிக்கை விடுவதைவிடப் பெரிய தோல்வி ஒரு சேவைக்கு என்ன இருக்கிறது?

இதை எதிர்பாராத தோல்வி என்று சொல்லி மன்னிக்க என்னால் இயலவில்லை. ஹூண்டாய் தனது கோனா மின்சாரக் காருக்கு 2020 அக்டோபரில் இதே போன்ற மென்பொருள் மேம்படுத்தலைத்தான் தீர்வாக அளித்தது. 2021 ஜனவரியில் தென்கொரியாவின் தேகு நகரில், அந்த மேம்படுத்தலைப் பெற்றிருந்த கோனா ஒன்று தீப்பிடித்தது. மறுமாதமே ஹூண்டாய் வழிக்கு வந்தது: உலகெங்கும் சுமார் 82,000 மின்வாகனங்களின் பேட்டரிகளை மாற்றித் தருவதாக அறிவித்தது, செலவு ஒரு லட்சம் கோடி வோன். அந்தச் செல்களையும் எல்ஜிதான் தயாரித்திருந்தது. ஆலை மட்டும் சீனாவின் நான்ஜிங்கில் இருந்தது. ஆனோடுப் பட்டை மடிந்திருந்த குறையே அங்கும் பேசப்பட்டது. ஆகவே, ஜெனரல் மோட்டார்ஸ் தன் மென்பொருளை வெளியிட்ட நாளில், அதே செல் நிறுவனத்தோடு தொடர்புடைய இன்னொரு காரில் மென்பொருள் போதாது என்பது நிரூபணமாகி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஹூண்டாய் முதல் அறிவிப்பிலிருந்து பேட்டரி மாற்றத்துக்கு வர நான்கு மாதம் எடுத்துக்கொண்டது. ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. பக்கத்து வீட்டில் கூரை ஒழுகியதைப் பார்த்த பின்னும் அதே ஓடுகளை வாங்கி வேய்ந்ததற்கு ஒப்பானது இது.

இரண்டாம் கட்டம் 2021 ஜூலை முதல் டிசம்பர் வரை. பரிகாரம் தன் காருக்கு எப்போது வரும் என்பது தெரியாமல் கட்டளைகள் மட்டும் குவிந்த காலம் இது. என் பார்வையில் இந்தச் சேவையின் ஆகக் கீழான பகுதி. ஆகஸ்ட் 20 ஆம் தேதி, 2022 மாடல் வரையிலான எல்லா போல்ட் கார்களும், அதன் சற்றே பெரிய வடிவமான இயூவியும் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சார்ஜ் 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எஞ்சிய தூரம் 70 மைல், அதாவது சுமார் 113 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கவும் கூடாது. அடிக்கடி சார்ஜ் செய்ய வேண்டும். சார்ஜ் முடிந்ததும் வெளியே நிறுத்த வேண்டும். இரவில் வீட்டுக்குள் சார்ஜில் விடக் கூடாது. செப்டம்பரில், அடுக்கு வாகன நிறுத்தங்களில் மற்ற வாகனங்களிலிருந்து 50 அடி தள்ளி நிறுத்தும்படியும் கேட்டவர்களுக்குச் சொல்லப்பட்டது. இவற்றை வரிசையாகப் படிக்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். 2019 மாடல் போல்டின் அதிகாரப்பூர்வத் தூரம் 383 கிலோமீட்டர். மேலே பத்துச் சதவீதத்தையும் கீழே 113 கிலோமீட்டரையும் கழித்தால் கையில் நிற்பது ஏறத்தாழ 230 கிலோமீட்டர்தான். வாங்கிய தூரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது.

தூரத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலத்தடித் தளத்தில் ஒரே ஓர் இடம் ஒதுக்கப்பட்டவர் 50 அடி விலகலுக்கு எங்கே போவார்? வேலைக்குப் போய்த் திரும்பும் ஒருவர் இரவில் சார்ஜ் செய்யாமல் வேறு எப்போது செய்வார்? மின்சாரக் காரின் முதன்மையான வசதியே தூங்கி எழும்போது சார்ஜ் நிறைந்திருப்பதுதான். ஆபத்தை அறிவித்தது சரி. ஆனால் அந்த அறிவிப்பு ஆபத்தைச் சுமக்கும் பொறுப்பையும் உரிமையாளரின் தலையில் ஏற்றிவிட்டது. இவ்வளவு கடுமையான விதிகளை விதித்த நிறுவனம் எல்லோருக்கும் மாற்றுக் காரை முன்வந்து கொடுத்திருக்க வேண்டும். சிலரிடமிருந்து காரையே திரும்ப வாங்கிக்கொண்டது உண்மைதான், ஆனால் அது கேட்டுப் போராடியவர்களுக்குத் தனித்தனியாகக் கிடைத்த சலுகையாகவே இருந்தது. 2019 இல் ஆடி நிறுவனம் தன் இ-ட்ரான் காரில் ஈரம் புகக்கூடிய ஒரு குறைக்காக அமெரிக்காவில் 540 கார்களை அழைத்தபோது, மாற்றுக் காரும் 800 டாலர் மதிப்புள்ள பண அட்டையும் கொடுத்தது நினைவுக்கு வருகிறது. எண்ணிக்கை சிறியது என்பதால் ஆடியால் அது முடிந்தது என்று வாதிடலாம். ஆனால் வீட்டு வாசலில் கார் நிறுத்த அஞ்சும் உரிமையாளருக்கு நிறுவனம் மொத்தம் எத்தனை கார்களை விற்றது என்பது ஒரு பொருட்டே அல்ல.

இந்த இடத்தில் ஃபோர்டையும் பிஎம்டபிள்யூவையும் ஒரு வரியில் சொல்லி நகரலாம். 2020 இல் இரு நிறுவனங்களும் பிளக் இன் ஹைபிரிட் கார்களை, அதாவது சார்ஜ் ஏற்றியும் பெட்ரோலிலும் ஓட்டக்கூடிய கார்களைத் திரும்ப அழைத்து, சார்ஜ் செய்யவே வேண்டாம் என்றன. உரிமையாளர் பெட்ரோலில் ஓட்டிக்கொண்டு காத்திருக்கலாம் என்பதால் அங்கே பாதிப்பு பணத்தோடு நின்றது. முழு மின்சாரக் காருக்கு அந்த மாற்றுவழி கிடையாது.

மூன்றாம் கட்டத்தைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும், குறைந்தபட்சம் அதன் முதல் பாதியைப் பற்றி. 2021 அக்டோபரில் தொடங்கி, பழைய கார்களுக்குப் புதிய செல்களால் ஆன பேட்டரி மாட்யூல்கள் பொருத்தப்பட்டன. 2017 முதல் 2019 வரையிலான கார்கள் 60 கிலோவாட் மணி பேட்டரியோடு விற்கப்பட்டவை. மாற்றாகக் கிடைத்தது பிந்தைய மாடல்களின் கூடுதல் கொள்ளளவு கொண்ட பேட்டரி. அதனால் 383 கிலோமீட்டர் ஓடிய கார் 417 கிலோமீட்டர் ஓடும் காராக வெளியே வந்தது. எட்டு ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல், சுமார் 1,60,000 கிலோமீட்டர், என்ற உத்தரவாதமும் புதிய பேட்டரிக்குப் புதிதாகத் தொடங்கியது. நான்கு ஆண்டு ஓட்டித் தேய்ந்த பேட்டரியைக் கொடுத்துவிட்டுப் புத்தம் புதிய, பெரிய பேட்டரியை இலவசமாகப் பெற்ற வாடிக்கையாளர்கள் வாகன வரலாற்றில் அதிகம் இருக்க மாட்டார்கள்.

இதைவிட என் மதிப்பை உயர்த்திய செயல் இன்னொன்று. புதிய செல்கள் கிடைக்கத் தொடங்கியபோது அவற்றைப் புதிய கார்களில் வைத்து விற்பதற்கு முன் பழைய உரிமையாளர்களுக்கு நிறுவனம் ஒதுக்கியது. போல்ட் தயாரான ஓரியன் ஆலை 2021 ஆகஸ்டில் நின்று, முறையான உற்பத்திக்கு 2022 ஏப்ரலில்தான் திரும்பியது. விற்பனையை இத்தனை மாதம் இழப்பது எந்த நிறுவனத்துக்கும் எளிதல்ல. செலவு 200 கோடி டாலரை நெருங்கியது. அதில் 190 கோடி டாலர் வரை எல்ஜி ஈடுசெய்ய ஒப்புக்கொண்டது. பெரும்பகுதிப் பணம் எல்ஜியுடையது என்பதால் தாராளம் காட்டுவது எளிதாயிற்று என்று சொல்பவர்களும் உண்டு. இருக்கட்டும், உரிமையாளரின் காருக்குப் பேட்டரி வந்து சேர்ந்தது, மதிப்புரைக்கு அது போதும். மாற்றத்துக்கு முறை வராமல் காத்திருந்தவர்களுக்கும் 2021 இறுதியிலிருந்து ஓர் இடைக்கால மென்பொருள் தரப்பட்டது: சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும், பதிலுக்கு வெளியே நிறுத்த வேண்டும், இரவில் சார்ஜ் செய்யக் கூடாது என்ற தடைகளை நீக்கும். தற்காலிகம் என்ற பெயரோடு வந்ததால் அதில் எனக்குக் குறையில்லை.

இரண்டாம் பாதிதான் நெருடுகிறது. 2020 முதல் 2022 வரையிலான கார்களை வைத்திருந்தவர்கள், முன்னவர்களுக்கு நடந்ததைப் பார்த்துவிட்டுத் தங்கள் முறைக்காக ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2023 இல் அவர்களுக்கு வந்தது புதிய பேட்டரி அல்ல, மறுபடியும் ஒரு மென்பொருள். அதை ஏற்றியதும் சார்ஜ் 80 சதவீதமாகக் குறையும்; கார் சுமார் 10,000 கிலோமீட்டர் ஓடி முடிக்கும்வரை பேட்டரியைக் கண்காணிக்கும்; முரண்பாடு எதுவும் தென்படாவிட்டால் வரம்பு தானாகவே விலகி 100 சதவீதம் திரும்பக் கிடைக்கும்; தென்பட்டால் பேட்டரி மாற்றப்படும். அமெரிக்காவில் இதைக் குறித்த காலத்துக்குள் ஏற்றிக்கொண்டவர்களுக்கு 1,400 டாலர் இழப்பீடு தரப்பட்டது. வழக்குத் தொடுக்கும் உரிமையை விட்டுக்கொடுப்பது அதற்கு நிபந்தனை. பின்னர் 2024 இல், உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்திருந்த வழக்கு 15 கோடி டாலருக்குத் தீர்த்துக்கொள்ளப்பட்டது.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பிந்தைய கார்களில் மிகப் பெரும்பாலான பேட்டரிகள் குறையற்றவை. பல்லாயிரக்கணக்கான நல்ல பேட்டரிகளைக் கழற்றி எறிவது பணத்தை மட்டுமல்லாமல் நிக்கல், கோபால்ட், லித்தியம் ஆகியவற்றையும் வீணாக்கும். மென்பொருளும் 2021 இல் தோற்றுப்போன அதே மென்பொருள் அல்ல. இடைப்பட்ட காலத்தில் சேர்ந்த தரவுகளைக் கொண்டு திருத்தப்பட்டது. இவற்றை ஏற்றுக்கொண்ட பிறகும் எனக்கு ஒரு தொழில்நுட்பக் கேள்வி எஞ்சியிருக்கிறது. போல்டின் 288 செல்களும் மும்மூன்றாக இணைக்கப்பட்டு 96 குழுக்களாக இருக்கின்றன. பேட்டரி மேலாண்மை அமைப்பு அளப்பது குழுவின் மின்னழுத்தத்தைத்தான்; தனிச் செல்லின் மின்னழுத்தத்தை அன்று. மூன்றில் ஒன்று உள்ளுக்குள் மெல்லக் கசிந்தாலும் மற்ற இரண்டும் அதைத் தாங்கிப் பிடித்து மறைத்துவிடும். பல நாள் தரவைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு வெளிப்படும். மெதுவாக வளரும் பழுதை இந்த வழியில் பிடிக்கலாம். சில மணி நேரத்தில் முற்றிவிடும் பழுதை எப்படிப் பிடிப்பது? 10,000 கிலோமீட்டர் சோதனையில் தேறிய பேட்டரி 10,001 ஆவது கிலோமீட்டரிலும் நல்லதாகவே இருக்கும் என்பது நிகழ்தகவு சார்ந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கை பெரும்பாலும் பலிக்கும் என்றே நானும் நினைக்கிறேன்; ஆனால் அந்தப் பந்தயத்தில் பணயம் வைக்கப்படுவது உரிமையாளரின் வீடு.

ஜாகுவார் ஐ-பேஸ் இந்தக் கேள்விக்கு ஒரு விடை தருகிறது. அதன் செல்களும் எல்ஜியிடமிருந்து வந்தவையே. 2023 இல் அமெரிக்காவில் 6,000க்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டபோது தரப்பட்ட தீர்வு, முரண்பாட்டைக் கண்டறியும் மென்பொருள். அடுத்த ஆண்டே, மென்பொருள் பெற்ற கார்களிலும் தீ ஏற்பட்டதால், 2019 மாடல் உரிமையாளர்கள் 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் செய்யாமல் வெளியே நிறுத்துமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். கடைசியில் சுமார் 2,760 கார்களை நிறுவனம் திரும்ப வாங்கிக்கொள்ள முடிவெடுத்தது. கோனா, போல்ட், ஐ-பேஸ் என்று மூன்று இடங்களில் மென்பொருள் முதல் தீர்வாக வந்தது. மூன்று இடங்களிலும் அது பெற்ற காரே எரிந்து அடுத்த தீர்வுக்கு வழிவிட்டது. நான்காவது நிறுவனம் ஒன்று இதே மருந்தோடு வரும்போது, உரிமையாளர்கள் ஐயப்படுவதைப் பீதி என்று சொல்ல முடியாது.

டெஸ்லாவின் வழி வேறு மாதிரியானது, எனக்கு அது இன்னும் கசக்கிறது. ஹாங்காங்கிலும் ஷாங்காயிலும் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு 2019 மே மாதம், முன்னெச்சரிக்கை என்ற பெயரில் மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் சார்ஜ், வெப்ப மேலாண்மை அமைப்புகளை அந்நிறுவனம் இணையவழியாக மாற்றியது. திரும்ப அழைப்பு எதுவும் அறிவிக்கப்படவில்லை. சிலரின் கார்களில் ஒரே இரவில் தூரம் குறைந்துபோனது. 1,743 மாடல் எஸ் உரிமையாளர்கள் சம்பந்தப்பட்ட வழக்கு 2021 இல் 15 லட்சம் டாலருக்குத் தீர்க்கப்பட்டது. ஆளுக்குச் சுமார் 625 டாலர் வந்தது. போல்ட் திரும்ப அழைப்பை நான் எவ்வளவு குறைகூறினாலும், அது பகிரங்கமாக, வாகன எண் வாரியாக, அரசுப் பதிவில் நடந்தது. உரிமையாளருக்குத் தன் காரில் என்ன மாற்றப்பட்டது என்பது தெரியும்.

இருசக்கர வாகனங்களில் நிலைமை இன்னும் பின்தங்கியிருக்கிறது. 2022 இல் இந்தியாவில் அடுத்தடுத்து மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்தபோது ஒகினாவா 3,215, ஓலா 1,441, ப்யூர் இவி 2,000 என்று வாகனங்களைத் திரும்ப அழைத்தன. பேட்டரியைப் பரிசோதித்துத் தேவையானால் சரிசெய்வோம் என்ற அளவிலேயே அந்த அறிவிப்புகள் நின்றன; மூலக்காரணம் இது, மாற்றப்படும் பாகம் இது என்று போல்ட் விவகாரத்தில் கிடைத்த விவரம் அங்கே உரிமையாளருக்குக் கிடைக்கவில்லை. அரசு பேட்டரிப் பாதுகாப்புத் தரத்தைத் திருத்தி இரண்டு கட்டங்களாக நடைமுறைப்படுத்தியது அதற்குப் பின் நடந்த நல்ல காரியம்.

தகவல் தொடர்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி பாதுகாப்புக் குறை என்று முடிவு செய்த ஐந்து வேலை நாட்களுக்குள் நிறுவனம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர்களுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். 15 ஆண்டு வரையிலான வாகனங்களுக்குப் பரிகாரம் இலவசமாக இருக்க வேண்டும். 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட வாகன அடையாள எண்ணை அரசுத் தளத்தில் இட்டால் நிலுவையில் உள்ள திரும்ப அழைப்பு தெரிந்துவிடும். போல்ட் விஷயத்தில் இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது. ஓட்டை இருப்பது இரண்டாம் கையாக வாங்குபவரிடத்தில்தான். பெரிய வாடகை நிறுவனங்கள் திரும்ப அழைப்பு நிலுவையில் உள்ள காரை வாடகைக்கு விடக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. பழைய கார் விற்பவருக்கு அப்படிப்பட்ட கூட்டாட்சித் தடை இல்லை. கடிதம் முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருக்க, மூன்றாவது உரிமையாளர் ஒன்றும் அறியாமல் இரவில் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கலாம்.

ஆகவே பழைய போல்ட் ஒன்றை வாங்க நினைப்பவருக்கு என் பரிந்துரை வழக்கமான அறிவுரைக்கு மாறானது. பொதுவாகப் புதிய மாடலையே தேடச் சொல்வார்கள். இங்கே, பேட்டரி மாற்றப்பட்ட 2017, 2018, 2019 கார்களையே முதலில் பாருங்கள், ஏனென்றால் அவற்றின் உடல் பழையதாக இருந்தாலும் பேட்டரியும் அதன் உத்தரவாதமும் பிந்தைய தேதியிலிருந்து தொடங்குகின்றன. மாற்றம் நடந்ததற்கான சர்வீஸ் ஆவணத்தில் தேதியும் அன்றைய ஓடோமீட்டர் அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். திரும்ப அழைப்பு முடிந்தது என்ற ஒற்றை வரி போதாது, மென்பொருள் ஏற்றினாலும் அதே வரிதான் பதிவாகும். 2020 முதல் 2022 வரையிலான கார் என்றால், கண்காணிப்பு மென்பொருள் ஏற்றப்பட்டுவிட்டதா, 10,000 கிலோமீட்டர் முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். முழு சார்ஜ் செய்துகாட்டச் சொல்லுங்கள்; 80 சதவீதத்தில் நின்றுவிட்டால் சோதனைக் காலம் இன்னும் முடியவில்லை என்று பொருள், அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேட்கலாம். மென்பொருளே ஏற்றப்படாத கார் என்றால், விற்பவரே அதை டீலரிடம் கொண்டுபோய் முடித்துத் தரும்வரை பணம் கொடுக்காதீர்கள்.